மெய்வல்லுநர் கலையும் வாழ்நாட் பணியும்

மெய்வல்லுநர் போட்டியொன்றைக் காணச் செல்வோரின் கண்கள் ஓடுபவனையும் பாய்பவனையுமே தொடர்கின்றன. எல்லைக் கோட்டருகே நிறுத்தற் கடிகாரத்தோடு நிற்பவரையும், மணற்குழியைக் கிளறிச் சமன்செய்பவரையும், அளவு நாடாவின் மறுமுனையைப் பற்றியிருப்பவரையும் நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் இவர்களின்றிச் சாதனை என்பதொன்றில்லை.

இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். கைக்கடிகாரங்களால் நேரங்கணிக்கும் ஓட்டப்போட்டியில், முதலாவதாக வருபவரின் நேரத்தை மூவர் தனித்தனியே குறிப்பர். இருவரின் கடிகாரங்கள் ஒன்றுபடின் அந்நேரமே கொள்ளப்படும். மூன்றும் வேறுபடின் நடுவான நேரம் கொள்ளப்படும். உயரம் பாய்தலிலோ, குறுக்குத்தடியின் மேற்பக்கத்து மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து நிலம் வரை செங்குத்தாக அளத்தல் வேண்டும். ஒருவன் அடுத்தடுத்து மும்முறை தவறின் போட்டியினின்று நீங்குவான். பாய்தல் ஒருவனுடைய ஆற்றல். அஃது உண்மையென நிலைபெறுவதோ பலருடைய நேர்மையால். இந்நேர்மையைக் கூலி பெறாது ஆண்டுதோறும் வழங்குபவர்களே இக்கலையின் வாழ்நாட் பணியாளர்.

‘அமெச்சூர்’ என்னுஞ் சொல் அன்பைக் குறிக்கும் இலத்தீன் அடியிற் பிறந்தது. 1912 இல் தோன்றிய உலக மெய்வல்லுநர் சம்மேளனம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. விளையாட்டிற் பணம் புகுந்து பெருகிய பின்னர், 2001 இல் அச்சொல் அப்பெயரினின்று நீக்கப்பட்டது. பெயர் மாறினும், பாடசாலை மைதானங்களில் இக்கலை இன்றும் அன்பினாலேயே இயங்குகின்றது.

வீரராகவும் பணியாளராகவும் ஒருங்கே விளங்கியவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934 இற் பிறந்த அவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்றவர். 1952 இல், தம் பதினேழாம் வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குபற்றினார். 1956 இல் மெல்போர்னிலும் பாய்ந்தார். 1958 இல் ரோக்கியோவில் நடைபெற்ற மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம், பாய்ந்து தங்கப்பதக்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதற்றங்கம் அதுவே. அவ்விழா நடந்த மே மாத இறுதியிலேதான் நாட்டில் இனக்கலவரம் மூண்டு தமிழர் பலர் உயிரும் உடைமையும் இழந்தனர் என்பதை எண்ணுங்கால், நாட்டின் பெயரால் ஈட்டிய அவ்வெற்றியின் பெருமையும் துயரமும் ஒருங்கே புலப்படும். 1962 இல் ஜக்கார்த்தாவில் அவர் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

அக்காலத்திற் பாய்பவர் விழுந்தது பஞ்சணை போன்ற மெத்தையிலன்று, மணலிலும் மரத்தூளிலுமே. 1968 இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி வென்ற, முதுகு கீழாகத் தடியைக் கடக்கும் முறை, மெத்தை பரவிய பின்னரே யாவர்க்கும் இயல்வதாயிற்று. மணற்குழியில் விழுபவனுக்கு அக்குழியைக் கிளறி வைத்தவரின் கவனமே காவலாயிருந்தது. எனவே அப்பணியைச் சிறுபணியெனக் கொள்ளல் தகாது.

எதிர்வீரசிங்கத்தின் பெருமை பதக்கத்தோடு முடியவில்லை. கலிபோர்னியாவிற் கற்று, கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, மேற்கு ஆபிரிக்க நாடுகளிற் கல்விப்பணி புரிந்த அவர், முதுமையில் வடபுலத்துக்கு மீண்டும் மீண்டும் வந்து பாடசாலை மாணவர்க்கு உயரம் பாய்தலைப் பயிற்றினார். தாம் பெற்றதைப் பிறர்க்கும் உரியதாக்குதலே அவர் கருத்தாயிற்று. 2024 ஏப்பிரலில் அவர் மறைந்தார்.

அவரைப்போற் பெயர் பரவாதோர் மிகப் பலர். போர்க்காலத்திற் குடாநாட்டு மைதானங்கள் பல பயன்படாது கிடந்தன. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி 1990 இல் தன் இடம்விட்டுப் பெயர்ந்து பிறவிடங்களில் நெடுநாள் இயங்கியது. அக்கல்லூரியிலிருந்தே பின்னாளிற் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தோன்றினார். இடைப்பட்ட இருண்ட ஆண்டுகளில் இக்கலை அறாது காத்தவர் யாவர்? கிடைத்த வெளியில் சுண்ணக்கோடு இட்ட ஆசிரியரும், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நடுவராய் வெயிலில் நின்ற பழைய மாணவருமே.

இத்தகையோரை நினைவுகூர்தல் எவ்வாறு? மறைந்தபின் மாலை சூட்டி இரங்கலுரை ஆற்றுதல் மட்டும் போதாது. வென்ற மாணவரின் பெயரைக் கல்லூரி மலர்கள் அச்சிடுகின்றன. அவ்வெற்றியை அளந்தோர், நேரங்குறித்தோர், பயிற்றியோர் பெயர்களை ஆண்டுதோறும் அதன் அருகே அச்சிடின், ஐம்பது ஆண்டின் பின் வருவோர் தம் கடனாளர் யார் என அறிவர். அதனினும் சிறந்த நினைவு மற்றொன்றுண்டு. முதியவர் ஒருவர் கடிகாரத்தைக் கீழே வைக்கும் நாளில், அவரிடம் பயின்ற இளையவர் ஒருவர் அதனைக் கையிலெடுத்தலே அஃது. அவ்வாறு எடுப்பார் இருக்கும்வரை மெய்வல்லுநர் கலைக்கு இம்மண்ணில் அழிவில்லை.