கலங்கரை விளக்கம்

வாசுதேவநல்லூர் முதலிய மலையடி ஊர்களுக்கு வழிச்செல்வோர், மேற்றிசை மலைகளையே அடையாளமாகக் கொண்டு திசையறிவர். சென்னைக் கடற்கரையோ தாழ்ந்த மணற்பரப்பு. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் அங்கே திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. இருளிற் கரை தெரியாது நெருங்கிய கலம் மணலிற் சிக்கி உடையும், உயிர்ச்சேதமும் நேரும்.

இவ்வபாயத்தைத் தவிர்ப்பதே கலங்கரை விளக்கத்தின் பயன். கரைதல் என்பது அழைத்தலாதலின், கலங்களை அழைக்கும் விளக்கம் என்பது இதன் பொருள். இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே காணப்படுகின்றது.

சென்னையில் 1796ஆம் ஆண்டில் கோட்டைக்குள் ஒரு கட்டிடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. 1844இல் கோட்டைக்கு வடக்கே, ஏறக்குறைய 125 அடி உயரமுள்ள கற்றூணுக்கு அவ்வொளி மாறியது. 1894இல் அதனினும் உயர்ந்த ஹைக்கோர்ட்டுக் கோபுரத்தையும், 1977இல் மெரீனாக் கரையையும் அடைந்தது.

இங்ஙனம் உயரம் நாடியது ஏன்? பூமி உருண்டையாதலின், எத்துணைப் பெரிய ஒளியும் கடல் விளிம்பிற்கு அப்பால் மறைந்துவிடும். 100 அடி உயரத்திற்கு அவ்விளிம்பு ஏறக்குறைய 12 மைல். அத்தொலைவு இருமடங்காக வேண்டின் உயரம் நான்மடங்காதல் வேண்டும். ஆகவே ஒளியின் வன்மையோடு உயரமும் இன்றியமையாததாயிற்று.

ஒளியிழந்த அக்கற்றூண் ஹைக்கோர்ட்டு வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. அரை நூற்றாண்டு கலங்களைக் காத்த அதனைச் சென்னை செல்லும் மாணவர் ஒருமுறையேனும் காண்பாராக.