மூச்சுக் காற்றும் இனிப்பு நீரும்

இனிப்பு நீர் என்று நம்மவர் வழங்கும் நீரிழிவு நோயை மூச்சுக் காற்றைக் கொண்டே கண்டறியலாம் என்னும் செய்தி இந்நாளில் அடிக்கடி காதில் விழுகின்றது. விரலில் ஊசி குத்திக்கொள்ள அஞ்சுவோர்க்கு இது தேனான செய்தியே. இதன்கண் உள்ள உண்மை எத்துணை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்கல் வேண்டும். மூச்சில் வருவது சர்க்கரை அன்று. சர்க்கரை ஆவியாகும் பொருளன்று. வருவது அசெட்டோன் என்னும் வேறொரு பொருள். நகப்பூச்சு அழிக்கும் நீர்மத்தின் நெடியை அறிந்தோர் இதனை அறிவர். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் மிகவும் குன்றிவிட்டால், குருதியில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடல் அதனை ஏற்றுப் பயன்கொள்ள மாட்டாது. ஏரி நிரம்பி நிற்க, மடை அடைபட்டு வயல் காய்வது போன்ற நிலை இது. அப்போது உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். கல்லீரல் அக்கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் எனப்படும் பொருள்களை ஆக்கும். அவற்றுள் அசெட்டோ அசெட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி சிதைந்து அசெட்டோனாகி, நுரையீரல் வழியே வெளியேறும்.

இம்மணத்தை மருத்துவர் அறிந்தது நேற்றன்று. 1797இல் ஜான் ரோலோ என்னும் இராணுவ மருத்துவர், தம் நோயாளியின் மூச்சு அழுகும் ஆப்பிளை ஒத்து மணத்ததை எழுதி வைத்தார். 1857இல் பெட்டர்ஸ் என்பார் நீரிழிவாளரின் சிறுநீரில் அசெட்டோனைக் கண்டார். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால், இந்நோய் முற்றியவர் நெடிய பெருமூச்சு வாங்குதலை விளக்கினார். குருதியில் அமிலம் மிகுவதால் வரும் மூச்சு அது. அக்காலத்தில் அந்நிலையை அடைந்தவர் பிழைத்தல் அரிது. 1922 சனவரியில் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் லெனார்டு தாம்சனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. தூய்மைப்படுத்திய மருந்தை மீண்டும் ஏற்றியபின் அவன் சிறுநீரில் கீட்டோன் மறைந்தது.

நிற்க. இன்று மூக்கின் வேலையைக் கருவி செய்கின்றது. நலமுள்ளவர் மூச்சில் அசெட்டோன் பொதுவாகப் பத்து இலட்சம் பங்கில் ஒரு பங்கு அளவினதே. டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற குறைகடத்திகள் அதனையும் உணர வல்லன. மூச்சில் நிறைந்துள்ள நீராவி இக்கருவிகளுக்குப் பெருந்தொல்லை. அதனினும் பெருந்தொல்லை ஒன்றுண்டு. தைப்பூசத்திற்காக நெடுநேரம் உண்ணாது நோன்பிருப்பவர் மூச்சிலும் அசெட்டோன் ஏறும். அவர் நோயாளி அல்லர். மற்றொருபுறம், நடுவயதில் நீரிழிவு கண்டோர் பலருக்குச் சிறிதளவு இன்சுலின் சுரந்துகொண்டிருப்பதால், சர்க்கரை ஏறியிருந்தும் அசெட்டோன் ஏறாதிருக்கலாம். ஆகவே நோய் உண்டா இல்லையா என்று துணிவதற்கு இரத்தப் பரிசோதனையே வேண்டும். நோய் உள்ளவர்க்குக் கீட்டோன் ஏறுகின்றதா என்று பார்க்க மூச்சுக்கருவி உதவக்கூடும். அதற்கும் மருத்துவர் இன்று பெரிதும் நம்புவது குருதிக் கீட்டோன் சோதனையையே.

கருவி கிடக்கட்டும், ஆசிரியராகிய நமக்கு மூக்கும் கண்ணும் உண்டு. சிறுவர்க்கு வரும் நீரிழிவு சில வாரங்களிலேயே முற்றிவிடக் கூடியது. ஓயாத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு ஆகியவை முன்னே வரும். வகுப்பினின்று அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. இந்நோயின் பொருட்டேனும் அதனை விட்டொழித்தல் வேண்டும். இவற்றோடு வயிற்றுவலி, வாந்தி, பெருமூச்சு, பழ மணம் ஆகியவை சேர்ந்தால் நாளை பார்ப்போம் என்றிருத்தல் ஆகாது. அப்பொழுதே மருத்துவமனைக்கு அனுப்புக. எல்லார் மூக்கும் இம்மணத்தை அறியாது. ஆதலின் மணமில்லை என்று தேறியிருத்தலும் தவறு. மருத்துவரிடம் வாந்தி என்று மட்டும் சொன்னால் அது வயிற்றுக்கோளாறாகவே கொள்ளப்படலாம். தாகமும் மெலிவும் உண்டென்பதைச் சேர்த்துச் சொல்லுக. ஒரு துளிக் குருதியில் சர்க்கரை பார்க்கச் சில நொடிகளே ஆகும்.