கைக்கருவிகளை ஆளும் மென்பொருளைத் தெரிந்தெடுத்தல்

வணிக நிலையமொன்றின் கணக்கேடும் பெட்டகத் திறப்பும் முற்காலத்தில் இரவிலே நிலையத்திற் றங்கின; ஊழியர் மாத்திரமே வீடு சென்றனர். இன்று கணக்கேடும், வாடிக்கையாளர் விலாசங்களும், வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் கையடக்கத் தொலைபேசி ஒன்றினுள் அடங்கி, ஊழியரின் சட்டைப் பையிலே பேருந்தேறி வீடு செல்கின்றன. அப்பேருந்திலே தொலைபேசி தவறிவிடின் நிலையத்தார் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே கைக்கருவி முகாமை மென்பொருள். எம் பழைய மாணவருட் பலர் வணிக நிலையங்களிற் பொறுப்பான பதவி வகிப்பவராதலின், அதனைத் தெரிந்தெடுக்கும் முறை பற்றிச் சில கூறுதல் பயன்படுமெனக் கருதுகின்றோம்.

இம்மென்பொருள் தொலைபேசியை எங்ஙனம் ஆள்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நிலையத்தார் ஒரு சேவையகத்திலிருந்து கட்டளை விடுக்கின்றனர். அது நேரே தொலைபேசிக்குச் செல்வதில்லை. ஐபோன் ஆயின், அப்பிள் நிறுவனத்தின் அறிவித்தற் சேவை கருவியைத் தட்டியெழுப்புகின்றது. எழுந்த கருவி தானே சேவையகத்தை நாடித் தனக்குரிய கட்டளை யாதெனக் கேட்டுப் பெற்று நிறைவேற்றுகின்றது. அப்பிள் இம்முறையை 2010இல் வெளியிட்டது. கூகிளின் அன்ரொயிட் 2.2ஆம் பதிப்பும் அவ்வாண்டிலேயே இத்தகைய அதிகாரங்களை அளிக்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் இத்துறையிற் கோலோச்சியவை கனடா தேசத்துப் பிளக்பெரிக் கருவிகள். திரைப்பூட்டுக்கு வலிய கடவுச்சொல் வேண்டுமெனல், செயலிகளை இடுதல், அகற்றல், கருவியைப் பூட்டல், ஈற்றில் அதிலுள்ள யாவற்றையும் துடைத்தழித்தல் என்பன அக்கட்டளைகளுட் சில.

கருவி தானே வந்து கட்டளை பெறுவதாயின், வலையமைப்போடு தொடர்பற்றிருக்கும் வரை எக்கட்டளையும் அதனை அடையாது. களவெடுத்தவன் சிம் அட்டையைக் கழற்றி எறிந்துவிடின், அழிக்குங் கட்டளை சேவையகத்திலே காத்துக் கிடக்கும். ஆதலின் உண்மையான காவல் கடவுச்சொல்லும், அதனாற் பூட்டப்பட்ட மறையீடுமேயாம். விற்பனையாளர் துடைத்தழிக்கும் பொத்தானையே முதலிற் காட்டுவர். பார்ப்பதற்கு அது வியப்பாயிருக்கும். வாங்குவோர் கேட்கவேண்டிய வினா வேறு. கடவுச்சொல் இல்லாத கருவியை நிலையத்தின் அஞ்சலுக்குட் புகவிடாது தடுக்குமா என்பதே அது.

அப்பொத்தான் காவலுக்கு இத்துணைக் குறைவாக உதவுவதாயினும், கேடு விளைக்குமிடத்து அதன் ஆற்றல் பெரிது. 2024ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திற் சிங்கப்பூரிலே நிகழ்ந்ததை நோக்குக. அங்குள்ள மாணவர் கற்றலுக்குப் பயன்படுத்திய ஐபாட்களும் குரோம்புக் கணினிகளும் மொபைல் கார்டியன் என்னும் முகாமை மென்பொருளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அந்நிறுவனத்தின் அமைப்பினுள் எவரோ அத்துமீறிப் புகுந்தனர். 26 இடைநிலைப் பாடசாலைகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவரின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. பாடக் குறிப்புகளை வேறிடத்திற் பிரதி செய்து வையாத பிள்ளைகள் அவற்றை இழந்தனர். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு அம்மென்பொருளை மாணவர் கருவிகள் அனைத்திலுமிருந்து அகற்றியது. களவிலிருந்து காப்பதற்கென வைத்த கருவியே கள்வன் கைக்கு வந்தமை ஆசிரியரும் மாணவரும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதற்கு முந்திய ஆண்டில், 2023 யூலையில், நோர்வே அரசாங்கத்தின் 12 அமைச்சுக்கள் பயன்படுத்திய தளம் தாக்கப்பட்டதும் இவ்வகை மென்பொருளொன்றின் வழுவினாலேயே. கடவுச்சொல் எதுவுமின்றிச் சேவையகத்தின் உள்வாயில் திறக்கக்கூடியதாய் இருந்தது.

எனவே மென்பொருளைத் தெரிபவர், எத்தனை அதிகாரம் தருகின்றது என்பதோடு, அவ்வதிகாரத்தை எவர் கையில் எவ்வாறு அடக்கி வைக்கின்றது என்றும் வினாவுதல் வேண்டும். முகாமையாளர் உள்நுழைவதற்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்கப்படுகின்றதா? ஒருவர் தனித்து நூறு கருவிகளை ஒரே வேளையில் அழித்தல் கூடுமா, அன்றி மற்றொருவரின் ஒப்புதல் வேண்டுமா? இட்ட கட்டளைகள் யாவும் அழியாத பதிவேட்டில் எழுதப்படுகின்றனவா? இவற்றுக்கு விடை தரத் தயங்கும் விற்பனையாளரிடம் விலை பேசுதல் வீண்.

இனி, இத்துறையில் மிகுந்த மனக்கசப்பை விளைக்கும் வினாவுக்கு வருவோம். கருவி எவருடையது? நிலையத்தார் வாங்கிக் கொடுத்ததாயின் முழு ஆட்சியும் அவர்க்குரியதென்பதில் ஐயமில்லை. அப்பிளும் கூகிளும் அத்தகைய கருவிகளைப் பெட்டி திறக்கும்போதே நிலையத்தோடு பிணைத்துவிட வழி செய்துள்ளன; துடைத்தழித்த பின்னும் கருவி மீண்டும் அந்நிலையத்தின் பெயரையே சொல்லி எழும். ஆனால் ஊழியர் தம் ஊதியத்தில் வாங்கிய தொலைபேசியிலே நிலையத்தின் அஞ்சலையும் பார்ப்பவராயின் நிலைமை வேறாகின்றது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஊழியரொருவர் வேலையை விட்டு விலகியபின், அவருடைய சொந்த ஐபோனை நிலையத்தார் துடைத்தழித்தனர். குடும்பப் புகைப்படங்களும் உடன் அழிந்தன. அவர் வழக்குத் தொடுத்தார். 2014இற் கூட்டாட்சி நீதிமன்றம், அவர் சார்ந்துநின்ற கூட்டாட்சிச் சட்டங்கள் இத்தகைய இழப்புக்குப் பொருந்தா எனக் கூறி அக்கோரிக்கைகளைத் தள்ளிற்று. சட்டம் இடந்தந்ததாயினும் அச்செயல் முறையானதென எமக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் புகைப்படத்தை அழித்தற்கு விலைப்பட்டியலைக் காத்தல் ஒரு நியாயமாகாது.

நல்வாய்ப்பாக, அவ்விரண்டையும் பிரித்து வைக்கும் வழி இன்று உண்டு. அன்ரொயிட் 5.0ஆம் பதிப்பு, 2014இல், தொழிலுக்கெனத் தனி அறையொன்றைத் தொலைபேசிக்குள் அமைத்தது. ஊழியரின் சொந்தக் கருவியில் அவ்வறை மாத்திரமே நிலையத்தின் ஆட்சிக்குட்பட்டது. அதனை அழித்தால் ஏனையவை தீண்டப்படா. அப்பிள் 2019இல் ஐஓஎஸ் 13ஆம் பதிப்போடு சொந்தக் கருவிகளுக்கென வேறோர் இணைப்பு முறையை வகுத்தது. அம்முறையிற் சேர்ந்த கருவியை முற்றாக அழிக்கும் அதிகாரமோ, சொந்தச் செயலிகளின் பட்டியலைக் காணும் அதிகாரமோ நிலையத்தார்க்கு இல்லை. மைக்ரோசொவ்ற்றின் இன்ரியூன் முதலியவை கருவியை ஆளாது செயலியை மட்டும் ஆளவும் வல்லன. அஞ்சற் செயலிக்குள் இருக்கும் நிலையத்தின் தரவை மாத்திரம் அவை அழிக்கும். சிறு நிலையங்கள் பலவற்றுக்கு இவ்வளவே போதுமானது என்பது எம் துணிபு. அழிக்கும் அதிகாரம் இல்லாதவிடத்து அதனைக் களவாடுவதற்கும் எவருமிலர்.

ஊழியர் அஞ்சுவது பெரும்பாலும் வேறொன்றை. தம் குறுஞ்செய்திகளையும் படங்களையும் முதலாளி பார்ப்பாரோ என அவர் ஐயுறுகின்றனர். இம்முகாமை முறைகள் அவற்றைக் காட்டுவதில்லை. இடத்தை அறிதல் பற்றியோ கருவிக்கேற்ப வேறுபாடு உண்டு. ஐபோனில், நிலையத்தின் முழு மேற்பார்வைக்குட்பட்ட கருவியைத் தொலைந்ததென அறிவித்த பின்னரே அப்பிளின் முகாமை முறை இடத்தைத் தெரிவிக்கும். கருவி மீண்ட பின், அது தேடப்பட்ட செய்தி பயன்படுத்துவோர்க்கும் அறிவிக்கப்படும். எவை காணப்படும், எவை காணப்படா என்பதை ஒரு தாளில் எழுதி, மென்பொருளை இடுமுன்னரே ஊழியர் கையிற் கொடுத்தல் நன்று.

விலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிலர் கருவிக்கு இவ்வளவு எனவும், சிலர் ஆளுக்கு இவ்வளவு எனவும் மாதந்தோறும் அறவிடுவர். ஒருவர் தொலைபேசியும் பலகைக் கணினியும் வைத்திருப்பாராயின் இரண்டாவது முறை இலாபமாகலாம்.

சிறிதெனத் தோன்றிப் பேரிடர் தருவதொன்று உண்டு. அப்பிள் கருவிகளை ஆள்வதற்குரிய அறிவித்தற் சான்றிதழ் ஓராண்டே செல்லும். முதலிற் பெற்ற அதே கணக்கின்மூலம் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். அக்கணக்கு ஊழியரொருவரின் சொந்தப் பெயரில் இருந்து, அவர் விலகிச் சென்று, புதுச் சான்றிதழ் எடுக்க நேரின், கருவிகள் அனைத்தையும் மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டி வரும். கணக்கை நிலையத்தின் பொதுப் பெயரில் வைத்துப் புதுப்பிக்கும் நாளை நாட்காட்டியிற் குறித்தால் இத்தொல்லை இல்லை.

மென்பொருளை ஆக்குவோரும் நிலைத்திருப்பவரல்லர். எயர்வாச் என்னும் நிறுவனத்தை 2014இல் வீஎம்வெயர் வாங்கிற்று. வீஎம்வெயரை 2023இற் புரோட்கொம் வாங்கிற்று. அடுத்த ஆண்டில் அப்பகுதி பிரிக்கப்பட்டு ஒம்னிசா என்னும் பெயரில் வேறு கைக்கு மாறிற்று. மொபைல் ஐயன் 2020இல் இவான்றியோடு சேர்ந்தது. பழைய பிளக்பெரிக் கருவிகளுக்கான சேவை 2022 சனவரி 4ஆம் நாள் நின்றது. ஆகையால், சேரும் வழியை ஆராய்வது போல விலகும் வழியையும் ஒப்பந்தத்தில் ஆராய்க.

பல நிறுவனங்கள் ஒரு திங்களளவு கட்டணமின்றிப் பரீட்சிக்க விடுகின்றன. அக்காலத்தில், ஊழியர் உண்மையில் வைத்திருக்கும் வகைகளிலே, பழையதும் புதியதுமாக ஐந்தாறு தொலைபேசிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். விற்பனையாளர் கொண்டுவரும் புதுக் கருவியில் எல்லாம் செவ்வனே நடக்கும். சேர்த்த கருவிகளுள் ஊழியர் ஒருவரின் சொந்தத் தொலைபேசியும் அவர் இசைவோடு இருக்கட்டும். அதன் படங்களை முன்னரே பிரதி செய்து வைத்துக்கொண்டு, அவர் வேலையினின்றும் விலகியதாகப் பாவித்து நிலையத்தின் தரவை அகற்றுங் கட்டளையை இடுக. பின்னர்த் தொலைபேசியை அவரிடமே கொடுத்து, தம் படங்கள் இருக்கின்றனவா என அவரைப் பார்க்கச் சொல்லுக.