லட்சத்தில் எத்தனை பேர்?

லூபஸ் நோய்க்கு நிலையான முகம் கிடையாது. ஒருத்திக்குக் காலையில் விரல் மூட்டுகள் மடங்காது. இன்னொருத்திக்கு வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கும். வேறொருத்திக்குச் சிறுநீரகம் பழுதான பிறகுதான் விஷயமே தெரியவரும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவதுதான் மூலம். இப்படி வேஷம் மாற்றும் நோய் ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கிடுவது லேசான வேலையல்ல. பிரிட்டன் அதைச் செய்த விதம் முப்பது ஆண்டுகளுக்குள் தலைகீழாக மாறிவிட்டது.

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அங்கே ஊர் ஊராகத்தான் எண்ணினார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளிலும் மருத்துவர்களிடமும் கேட்டுக் கேட்டுப் பெயர்களைத் திரட்ட வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்திருந்தால் கண்டுபிடித்து ஒன்றை அடிக்க வேண்டும். நாட்டிங்ஹாமில் இப்படிக் கிடைத்தது லட்சத்துக்குச் சுமார் 25 பேர். பர்மிங்ஹாமில் 27.7.

விட்டுப்போனவர்களை மதிப்பிட, குளத்து மீனை எண்ணும் உத்தி ஒன்று உண்டு. முதல் வலையில் சிக்கிய மீன்களுக்கு அடையாளமிட்டுத் திரும்பக் குளத்தில் விடுவார்கள். இரண்டாம் வலையில் அந்த அடையாள மீன்கள் எத்தனை வருகின்றன என்று பார்ப்பார்கள். நோயாளிப் பட்டியல்களுக்கும் அதே கணக்குதான்: இரண்டிலும் பொதுவான பெயர்கள் குறைவாக இருந்தால், எதிலுமே சிக்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் நோய் இருப்பதே தெரியாதவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். பர்மிங்ஹாம் மருத்துவர்கள் அதையும் விடவில்லை. பெண்களுக்கு நேரடியாகக் கேள்வித்தாள் அனுப்பி, சந்தேகப்பட்டவர்களை வரவழைத்துச் சோதித்தார்கள். முடிவு 1996-இல் வெளியானது. பெண்களில் லட்சத்துக்கு 54 என்று இருந்த கணக்கு 200 வரை போனது! இத்துறையில் என்னை மிகவும் உலுக்கிய எண் இதுதான்.

இன்று பிரிட்டனில் கணக்குக் கணினியில் நடக்கிறது. ஏறக்குறைய எல்லாரும் ஏதாவது ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்திருக்கும் நாடு அது. மூட்டு வலி என்று ஒரு பெண் வந்தால் அதற்கொரு குறியீடு, தேதியோடு. அடுத்த முறை தோல் தடிப்பு, இன்னொரு குறியீடு. பிறகு ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு, கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ‘லூபஸ்’ என்று கடிதம். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, இத்தகைய பதிவுகளை ஆய்வுக்குத் தருகிறார்கள்.

அதே நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1999 முதல் 2012 வரையிலான பதிவுகளை அலசி 2016-இல் வெளியிட்டார்கள். லட்சத்துக்கு 65 ஆக இருந்தது 97 ஆகியிருந்தது. நோய் பரவுகிறது என்று பதற வேண்டாம். புதிதாக நோய் காண்பவர்கள் ஆண்டுக்கு 1.8 சதவீதம் குறைந்துகொண்டுதான் வந்தார்கள். நோயோடு வாழ்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றால், நெடுநாள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே முக்கியக் காரணம். 1950-களில் லூபஸ் என்று தெரிந்த நோயாளிகளில் பாதிப் பேர் நான்கைந்து ஆண்டுகளில் இறந்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் 10 ஆண்டுகளைத் தாண்டுபவர்கள் நூற்றில் 90 பேர் அளவுக்கு இருக்கிறார்கள். எண் ஏறியது நல்ல செய்தி.

பதிவை அப்படியே நம்பவும் முடியாது. ‘லூபஸாக இருக்கலாம்’ என்று சந்தேகத்தில் போட்ட குறியீடும் கணக்கில் நுழைந்துவிடும். சுவீடனின் தேசியப் பதிவேட்டை வைத்து 2010-க்கான எண்ணைக் கணித்தவர்கள், யாரை நோயாளி என்று ஏற்பது என்ற விதியைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்தார்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே பதிவேடு. விடையோ லட்சத்துக்கு 46-லிருந்து 85 வரை. ஆகவே எந்த விதிப்படி எண்ணினார்கள் என்று கேட்காமல் லூபஸ் எண் எதையும் ஏற்கக் கூடாது.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. பழைய பர்மிங்ஹாம் கணக்கில் வெள்ளையர்களுக்கு லட்சத்தில் 20.7, ஆசிய வம்சாவளியினருக்கு 46.7. ஏறத்தாழ அதே காலத்தில், 1993-இல் வெளியான டெல்லி அருகேயுள்ள கிராமங்களின் கணக்கெடுப்போ லட்சத்துக்குச் சுமார் 3 பேர் என்றது. சூழலும் வேறு, எண்ணிய முறையும் வேறு. இருந்தாலும், கண்டறியப்படாமலும் சீக்கிரம் இறந்தும் கணக்கிலிருந்து நழுவிய பெண்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். பிரிட்டனிலேயே முதல் மூட்டு வலியிலிருந்து நோயின் பெயர் தெரிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று அங்குள்ள குடும்ப மருத்துவர் பதிவுகள் காட்டின.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி, ஆறாத வாய்ப்புண், வெயிலில் தடிப்பு, தீராத அசதி எல்லாம் சேர்ந்து வந்தால், மூட்டுவாத மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். லூபஸ் என்று முடிவானால், சீட்டில் மருந்தோடு நோயின் பெயரையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.