அன்பான ஆள் என்றால் போதுமா?

டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் ஆள் தேடும் படலம் தொடங்குகிறது. ஏஜென்சிக்கு ஒரு போன். "நல்ல அன்பான பொண்ணு சார், காலையில வந்துருவாங்க" என்று பதில். வருகிறவரின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாமலே, படுத்த படுக்கையான பெரியவரை ஒப்படைத்துவிடுகிறோம்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தொட்டவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் விஷயத்தில் சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையைப் பேசுகிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைப் பதிவு செய்யவைக்க 2019இல் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா, நிறைவேறாமலே 2024இல் காலாவதியானது. எனவே சலித்தெடுக்கும் வேலை வீட்டாருடையது.

'ஹோம் நர்ஸ்' என்று வருகிறவர் செவிலியராக இருக்க வேண்டும் என்பதில்லை. செவிலியர் படிப்புகளில் ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு. இரண்டும் படிக்காத உதவியாளரை வைத்துக்கொள்வதில் தவறில்லை; அவரை ஊசி போட விடுவதுதான் ஆபத்து.

முதல் நாள் ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொடுத்து ஊட்டச் சொல்லிப் பாருங்கள். தலைமாட்டை உயர்த்துகிறாரா? ஒரு வாய் விழுங்கும்வரை அடுத்த கரண்டியை நிறுத்தி வைக்கிறாரா? படுத்தவாக்கில் அவசரமாக ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். படுக்கைப்புண் பற்றியும் கேளுங்கள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். கறுத்த தோலில் ஆரம்பச் சிவப்பு எளிதில் தெரியாது. பின்னிடுப்பையும் குதிகாலையும் தொட்டு, சூடோ இறுக்கமோ இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

அடுத்த கேள்வி நமக்கு. இரவெல்லாம் எழுந்து புரட்டுகிறவர் எப்போது தூங்குவார்? ஏஜென்சி பிடித்தது போக அவர் கைக்கு எவ்வளவு வருகிறது? 24 மணி நேரமும் ஒரே ஆள், வார விடுப்பும் இல்லையென்றால் எவ்வளவு இளகிய மனமும் சலித்துப்போகும். அதட்டல் அங்கேதான் ஆரம்பம்.

அடையாள அட்டை, முன்பு வேலை பார்த்த வீட்டின் போன் எண், போலீஸ் சரிபார்ப்பு இவற்றில் எதையும் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர் ஆளைக் கண்டு ஒடுங்குகிறாரா, பகலெல்லாம் தூங்குகிறாரா? அளவுக்கு மேல் மருந்து கொடுக்கப்படுகிறதா என்று மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567. ஏஜென்சி சொல்லும் 'அன்பான ஆள்' என்பது விளம்பரம். ஆளைச் சோதிப்பதும், அவருக்குத் தூக்கமும் நியாயமான சம்பளமும் தருவதும் நம் பொறுப்பு.