மெலிந்தவர்க்கும் உண்டு ஓர் அளவுகோல்

மெலிந்த உடம்புக்குச் சர்க்கரை நோய் வராது என்னும் நம்பிக்கை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இன்றும் வலுவாக இருக்கிறது. கரிசல் காட்டில் சோளமும் பருத்தியும் விளைவித்தும், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டும் பிழைத்த மக்களின் உடல்வாகு அது. தொப்பை என்பது கடைவீதி முதலாளிகளுக்கு உரியது என்று கேட்டே என் தலைமுறை வளர்ந்தது. உடல் நிறை குறியீட்டெண்ணை மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இந்த நம்பிக்கை மேலும் உறுதிப்படும்.

கணக்கு எளியது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள விசைத்தறித் தொழிலாளி ஒருவருக்கு 60-ஐ 2.56-ஆல் வகுத்தால் 23.4 வரும். உலகப் பொது அளவில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு என்பதால் அவர் நிம்மதியடைவார். ஆனால், ஆசியர்கள் 23-லிருந்தே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் கூறிவிட்டது. இந்திய மருத்துவர்களின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ 23-ஐ மிகை எடை என்றும், 25-ஐ உடல் பருமன் என்றும் வரையறுக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. இக்கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய நாட்டு அடால்ப் கெட்லே மருத்துவர் அல்லர், புள்ளியியலாளர். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிவதே அவர் நோக்கம். எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று இந்த எண் சொல்லாது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் தங்களையே அளந்து காட்டினர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

ஆகவே இடுப்பையும் அளக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், தையற்காரரின் நாடாவால் அளந்தால் போதும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

வறண்ட நிலத்தில் கீழ் எல்லையும் அதே அளவு முக்கியம். 18.5-க்குக் கீழே போனால் ஊட்டக்குறைவு; அது காசநோய்க்கும் வழிவிடும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், குறியீட்டெண் 14-ஐத் தாண்டாத நோயாளிகள் உடனடிக் கவனிப்புக்கு உரியவர்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். உயிரைக் காக்கும் அளவுகோலாக இந்த எண் இங்கே மாறுகிறது.

முதியோரை அளக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. 160 செ.மீ. உயரமும் 45 கிலோ எடையும் கொண்ட மூதாட்டியின் எண் 17.6. முதுகு கூனி அவர் உயரம் 155 செ.மீ. ஆகிவிட்டால், எடை ஒரு கிலோகூட ஏறாமலேயே அந்த எண் 18.7 ஆகிவிடும், ஏட்டில் அவர் இயல்பானவர் பட்டியலில் இடம்பெற்றுவிடுவார்.