மரக்கறித் தோட்டமும் வளவுக் கோழிகளும்

காலபோக நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், மாசி முதல் சித்திரை வரையுள்ள காலம் உலர் வலயக் கமக்காரருக்கு வீட்டுத்தோட்டம் செய்வதற்கு மிக உகந்ததாகும். மாரி மழையால் நிரம்பிய கிணறுகளில் நீர் இன்னும் தாழ்ந்திராது. கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை ஆகியவற்றைப் பயிரிட வீட்டாருக்கு ஓய்வும் உண்டு. சூடடித்த களத்தில் சிந்திய நெல்லும் சப்பியும் கோழிகளுக்கு இரையாகக் கிடைப்பதும் இக்காலத்திலேயே.

ஆயினும், தோட்டத்துக்கும் கோழிக்கும் பகை மூள்வதும் இக்காலத்திலேயே. கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை என்பர். கோழி மிதித்த நாற்றோ பிழைப்பதில்லை. இதனால் கோழிகளை விற்றுவிடுவோரும், தோட்டத்தைக் கைவிடுவோரும் உளர். அயல் வளவிற் புகுந்த கோழியின் பொருட்டு இரு வீட்டாரிடையே பேச்சு நின்றுபோவதும் உண்டு. இரண்டையும் ஒரே வளவில் வைத்துப் பயன்பெறுதல் கடினமன்று. எப்பாத்தியில், எப்பருவத்தில், எவ்வேளையில் கோழி நிற்கலாம் என்பதைக் கமக்காரரே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

கோழியின் இயல்பு

வீட்டுக்கோழி காட்டுக்கோழியின் வழிவந்தது. காட்டுக்கோழி உதிர்ந்த சருகைக் காலாற் கிளறி, அதனடியிலுள்ள புழு, கறையான், விதை ஆகியவற்றைப் பொறுக்கியுண்டு வாழ்வது. அவ்வியல்பு வீட்டுக்கோழியை விட்டு நீங்கவில்லை. ஈரமான, மெத்தென்ற, சருகு மூடிய மண்ணைக் கண்டால் அது கிளறியே தீரும். புதிதாக நட்ட பாத்தி அத்தகைய இடமே. அதட்டித் துரத்துவதாற் பயனில்லை; கிளறுவதற்கு வேறோர் இடம் கொடுத்தலே வழி.

வளவின் ஒரு மூலையில், மர நிழலில், சருகும் களைகளும் கொட்டிவைத்தால் கோழிகள் நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கும். அதனருகே உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த ஒரு குழியும் இருத்தல் நன்று. கோழிகள் அதிற் புரண்டு தம் உடலிலுள்ள பேன், செள் முதலியவற்றைப் போக்கிக்கொள்ளும்.

பயிரின் பருவமும் கோழியின் முறையும்

தோட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில கிழமை இடைவெளிவிட்டு நட்டால், எந்நேரமும் ஒரு பகுதி கோழிகளுக்குத் திறந்திருக்கும்.

1. நடுவதற்கு முன்: நிலத்தைக் கொத்தியபின் இரண்டு கிழமைகளுக்குக் கோழிகளை அப்பகுதியில் விடவேண்டும். மண்ணிலுள்ள வெட்டுப்புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் களை விதைகளையும் அவை பொறுக்கிவிடும். மண்புழுக்களையும் அவை உண்ணுமாதலால் இக்காலத்தை நீடித்தல் கூடாது.

2. நட்டபின்: நாற்று வேரூன்றி முழங்கால் உயரம் வளரும்வரை கோழியை அணுகவிடலாகாது. கிடுகு, பனைமட்டை அல்லது கம்பிவலை கொண்டு 5 அடி உயர வேலி அடைத்தல் வேண்டும். பறந்து தாண்டும் கோழிக்கு ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மாத்திரம் நறுக்கிவிடலாம். வளர்ந்துவரும் இறகில் இரத்தம் ஓடுமாதலால், முற்றிய இறகுகளையே நறுக்குதல் வேண்டும்.

3. வளர்ந்தபின்: பொழுதுசாய ஒரு மணி நேரத்துக்கு முன் கோழிகளைத் தோட்டத்தில் விடலாம். அவ்வேளையில் அவை இலைகளிலும் நிலத்திலுமுள்ள பூச்சிகளைப் பிடித்துண்ணும். ஆழமாகக் கிளறப் பொழுது போதாது. இருள் படருமுன் துரத்தாமலே கூடு திரும்பும். தக்காளியும் மிளகாயும் பழுக்கும் காலத்தில் இதனை நிறுத்திவிடவேண்டும். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை; ஆகையாற் பழத்தைக் கொத்தத் தயங்கா.

4. அறுவடைக்குப் பின்: எஞ்சிய செடிகளிடையே கோழிகளை மீண்டும் விட்டு நிலத்தைத் துப்புரவாக்கலாம்.

புடோல், பாகல், பீர்க்கு ஆகிய பந்தற் பயிர்கள் கோழியுடன் நன்கு ஒத்துப்போகும். 6 அடி உயரப் பந்தலின் கீழ்க் கோழிக்கு நிழல் கிடைக்கும். காய்கள் அதற்கு எட்டா. கொடியின் அடியைச் சுற்றித் தேங்காய் மட்டைகளை நெருக்கமாகப் பதித்தால் வேர் பாதுகாக்கப்படும்.

கூடும் இரையும்

ஒரு குடும்பத்துக்கு 5 கோழிகள் போதும். கோழியொன்றுக்கு 3 சதுர அடி வீதம் கூட்டில் இடம் வேண்டும். நிலத்தில் 4 அங்குலத்துக்கு உமி பரப்பி, கிழமைக்கொருமுறை கிளறிவிடவேண்டும். கீரியும் மரநாயும் நுழையாதபடி கதவையும் அடிப்பாகத்தையும் உறுதியாக அமைத்தல் அவசியம். சிறு குஞ்சுகளைப் பகலில் கரப்பின் கீழ் வைத்தாற் பருந்துக்குத் தப்பும்.

முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் இரை வேண்டும். குருணல், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, கீரைத் தண்டு, வளவிற் பொறுக்கும் பூச்சி ஆகியன இதிற் பெரும்பங்கை நிறைவேற்றும். முட்டைக்கோதுக்கு வேண்டிய சுண்ணச்சத்தைச் சிப்பித்தூளாகத் தனிச் சட்டியில் வைக்கலாம். பச்சை மரவள்ளிக்கிழங்கும் அதன் இலையும் நஞ்சுடையனவாதலால் கொடுத்தல் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலிற் கோழிகள் வாய் திறந்து இளைக்கும், முட்டையும் குறையும். நிழலிற் குளிர்ந்த நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

எருவைப் பயன்படுத்தும் முறை

கோழியெருவில் மாட்டெருவிலும் பார்க்க நைதரசனும் பொசுபரசும் மிகுதி. அதனாலேயே அதைப் பச்சையாக இட்டால் வேர் கருகும். கூட்டிலிருந்து அள்ளிய உமியெருவுடன் இரு மடங்கு சருகு கலந்து, நீர் தெளித்து, 3 அடி உயரத்துக்குக் குவித்து, இடையிடையே புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் உக்கி, நாற்றம் நீங்கிய நல்ல பசளையாகும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது: பச்சை எருவில் வயிற்றோட்டத்தை விளைவிக்கும் சல்மொனெல்லாக் கிருமி இருத்தல் கூடும். பச்சையாக உண்ணும் இலைகளும் காய்களும் விளையும் பாத்தியிற் பச்சை எரு விழுந்தால், அன்று தொடங்கி அறுவடைக்கு 120 நாட்களேனும் செல்லவேண்டும். ஆகையால் அவற்றுக்கு நன்கு உக்கிய எருவையே இட்டு, அப்பாத்திகளிற் கோழியை விடாதிருத்தல் நன்று. இரண்டாவது: எருக்குவியலைக் கிணற்றிலிருந்து இயன்ற அளவு தூரத்தில் வைத்து, மழை படாது மூடவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திற் பசளையின் நைத்திரேற்று எளிதில் நிலத்தடி நீரைச் சேரும். அந்நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு விளைப்பது.

நோயும் நச்சு மருந்தும்

இராணிக்கெற் நோய் வந்தால் வளவிலுள்ள கோழிகள் சில நாட்களில் முற்றாக அழிதல் கூடும். இதற்கு மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. அதனைப் பெறும் முறையை உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் அறிந்துகொள்ளலாம். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமைக்கேனும் தனியே வைத்தபின்னரே ஏனையவற்றுடன் சேர்க்கவேண்டும். இறந்த கோழியை வாய்க்காலில் வீசாது, ஆழக் குழியிற் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கவேண்டும்.

பூச்சிநாசினி தெளித்த பாத்தியிற் கோழியை விட்டால், நஞ்சு முட்டை வழியாக வீட்டாரையே வந்தடைதல் கூடும். போத்தலிற் குறித்த நாட்கள் கழியும்வரை அப்பகுதியை மூடிவைத்தல் வேண்டும். கோழி மேயும் தோட்டத்தில், கூடியவரை புழுக்களைக் கையாற் பொறுக்கிக் கோழிக்கே இடுவது மேல்.

இவ்வாறு ஒழுங்கு செய்த வளவில் வேலை குறையும், மகிழ்ச்சி கூடும். மாலையில் பயிருக்கு நீர் இறைக்கும்போது கோழிகள் பாத்திகளிடையே மேய்வதைக் காண்பதே களைப்பைப் போக்கும். ஊர்க்கோழி முட்டையொன்றில் ஏறக்குறைய 5 கிராம் புரதம் உண்டு. பிள்ளைகளுக்கு நாள்தோறும் நன்கு அவித்த ஒரு முட்டையும், சொந்தத் தோட்டத்துக் கீரையும் கிடைக்குமாயின், அதுவே இம்முயற்சியின் முதற் பலனாகும். வளவுக்கேற்ற பயிர்களைத் தெரிவதில் ஐயமுடையோர் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறலாம்.